வளைவே இல்லாத அகரவரிசை

பழைய செக் புத்தகம் கைவசம் இருந்தால் எடுத்து ஒரு தாளின் அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே ஒரே வரிசையில் கொஞ்சம் வித்தியாசமான எண்கள் அச்சாகியிருக்கும். சென்னைக் கிளையின் செக் என்றால் அதில் ஒன்பது இலக்க எண் ஒன்று 600 என்று தொடங்கும். அந்த எண்களை இன்னும் நெருங்கிப் பார்த்தால், யாரோ சில இடங்களில் மட்டும் மையைக் கூடுதலாக அப்பிவிட்டுப் போனது போல இருக்கும். ஒன்றுக்குக் கால் மட்டும் கனத்திருக்கும். எட்டுக்கு மேல்பாதி ஒல்லி, கீழ்ப்பாதி தடிமன். இது அழகுக்காகச் செய்ததல்ல. அந்த எண்கள் காந்தம் படிப்பதற்காக எழுதப்பட்டவை.

ஈ-13பி என்பது அந்த எழுத்தின் பெயர். 1950களின் இறுதியில் அமெரிக்க வங்கிகள் அதை ஏற்றுக்கொண்டன. பத்து எண்கள், நான்கு குறிகள், மொத்தம் 14 உருவங்கள்தான். பெயரிலுள்ள 13 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு. அந்த அளவுச் சிறு கட்டங்களை அடுக்கித்தான் ஒவ்வொரு எண்ணையும் கட்டியிருக்கிறார்கள். மையில் இரும்புத்தூள் கலந்திருக்கும். படிக்கும் கருவியின் தலைக்கு அடியில் எண் நகரும்போது, மை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதைப் பொறுத்து மின் குறி ஏறி இறங்கும். பத்து எண்களுக்கும் பத்து விதமான ஏற்ற இறக்கம் வரவேண்டும், ஒன்று இன்னொன்றைப் போல இருக்கக் கூடாது. அதற்காகத்தான் அந்தத் தடிமன்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1960களில் லியோ மேக்ஸ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அதே சாயலில் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் வரைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் என்ற பெயரில் அது இன்றும் கணினிகளில் கிடைக்கிறது. 1970இல் லெட்ராசெட் நிறுவனத்துக்காக பாப் நியூமன் டேட்டா 70 என்ற எழுத்தை வரைந்தார். இவற்றை எந்த வங்கி இயந்திரமும் படிக்கப்போவதில்லை, மையில் காந்தமும் இல்லை. இயந்திரத்துக்கு அவசியமாக இருந்த தடிமன், மனிதர்களுக்கு 'இது கம்ப்யூட்டர் காலம்' என்று சொல்லும் அடையாளமாக மாறிவிட்டது. எதிர்காலம் போலத் தோன்றும் எழுத்துகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு நிஜமான தேவை இருந்திருக்கிறது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இந்த எழுத்துகள் வெறும் ஸ்டைலாகத் தெரிவதில்லை.

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது, ஹாலந்துக்காரரான விம் க்ரௌவெல் 1967இல் வெளியிட்ட 'நியூ ஆல்ஃபபெட்'. நேர்கோடும் சீவிய மூலையும் மட்டுமே கொண்ட எழுத்து. வளைவு என்பது மருந்துக்கும் கிடையாது.

க்ரௌவெல் 1928இல் க்ரோனிங்கன் நகரில் பிறந்தார். 1963இல் நண்பர்களோடு சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் டோட்டல் டிசைன் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே காலத்திலிருந்து ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகத்துக்குச் சுவரொட்டிகளையும் கண்காட்சிக் கையேடுகளையும் இருபது வருடங்களுக்கு மேல் வடிவமைத்தார். எதைச் செய்தாலும் முதலில் தாளில் கட்டம் போட்டுக்கொண்டுதான் தொடங்குவார். அதனாலேயே அவருக்கு 'மிஸ்டர் கிரிட்னிக்' என்று பட்டப்பெயர் வந்தது. 1968இல் ஸ்டெடலைக்கில் நடந்த வடிவமைப்பாளர்கள் கண்காட்சிக்கு அவர் செய்த சுவரொட்டியில் அந்தக் கட்டங்களை மறைக்கக்கூட இல்லை. சாரத்தைப் பிரிக்காமல் விட்ட கட்டடம் போல, கோடுகளும் தெரியும், அவற்றின்மேல் எழுந்து நிற்கும் எழுத்தும் தெரியும்.

1960களின் நடுவில் அவர் கண்ணில் பட்டது ஒரு புதிய இயந்திரம். ஜெர்மனியின் கீல் நகரில் ருடால்ஃப் ஹெல் நடத்திய நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய டிஜிசெட் அது. ஹெல் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். எழுத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியாகக் கம்பி வழியே அனுப்பும் ஹெல்ஷ்ரைபர் என்ற கருவிக்கு 1929லேயே காப்புரிமை வாங்கியவர். டிஜிசெட் அதே எண்ணத்தின் பெரிய வடிவம். அதுவரை அச்சுக்கோப்பு என்றால் ஈயம். இல்லாவிட்டால் எழுத்தின் வடிவத்தைத் தாங்கிய ஃபிலிம் வழியே ஒளியைப் பாய்ச்சுவார்கள். இரண்டிலும் எழுத்துக்கு ஓர் உடல் உண்டு. டிஜிசெட்டில் எழுத்து என்பது இந்தப் புள்ளி உண்டு, இந்தப் புள்ளி இல்லை என்ற பட்டியல் மட்டும்தான். பழைய டிவியில் இருந்தது போன்ற படக்குழாய் அந்தப் புள்ளிகளை வெளிச்சமாக வரையும், எதிரே உள்ள புகைப்படத் தாளில் அது பதியும்.

இந்த முறையில் கேரமாண்ட் போன்ற பழைய, நளினமான எழுத்துகளை வெளியிட்டுக் காட்டினார்கள். க்ரௌவெலுக்கு அது பிடிக்கவில்லை. பெரிய அளவில் ஓரளவு தேறிய எழுத்து, சின்ன அளவில் புள்ளிகள் குறைந்ததும் வேறு எழுத்தாகிவிட்டது. வளைவுகள் சிதைந்துபோயிருந்தன.

ஏன் சிதைகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். நான் என் பையனின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் செய்து பார்த்தேன். முப்பது கட்ட அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டு, பாதிக்கு மேல் வட்டத்துக்குள் விழும் கட்டங்களை மட்டும் கறுப்பாக்கினேன். தள்ளி வைத்துப் பார்த்தால் வட்டம்தான். அடுத்து ஐந்து கட்ட அகலத்துக்கு அதையே செய்தேன். வந்தது வட்டமே இல்லை, மூலை கடித்த பிஸ்கட். ஒரே எழுத்து, ஒரே விதி, ஆனால் இரண்டு அளவில் இரண்டு உருவம்.

சாய்ந்த கோட்டிலும் இதே கதைதான். கொஞ்சமாகச் சாயும் ஒரு கோட்டைக் கட்டத்தில் போட்டால், இரண்டு கட்டம் நகர்ந்து ஒன்று இறங்கும், அடுத்து மூன்று கட்டம் நகர்ந்து ஒன்று இறங்கும், மறுபடி இரண்டு. படிகள் ஒரே சீராக இருக்காது, நொண்டும். இதற்கு மிக எளிய விலக்கு ஒரு சாய்வு. 45 டிகிரி. ஒரு கட்டம் நகர், ஒரு கட்டம் இறங்கு. மறுபடி ஒன்று நகர், ஒன்று இறங்கு. ஐந்து கட்டத்தில் போட்டாலும் ஐநூறு கட்டத்தில் போட்டாலும் அந்தப் படிக்கட்டு மாறாது. கிடைக்கோடு, நிமிர்ந்த கோடு, 45 டிகிரி கோடு: கட்டங்களால் ஆன உலகத்தில் இந்த மூன்றும் எந்த அளவிலும் உருக்குலையாதவை.

க்ரௌவெல் இந்த மூன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். இயந்திரத்துக்கு வளைவு வராது என்றால் வளைவே இல்லாத எழுத்தை எழுதுவோம் என்பது அவருடைய முடிவு. பெரும்பாலான எழுத்துகளை ஐந்துக்கு ஒன்பது என்ற கட்டத்துக்குள் அடக்கினார். மூலைகளை 45 டிகிரியில் சீவினார், தச்சர் பலகையின் முனையைச் சீவுவது போல. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், ஒரே தடிமன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற ஆங்கில வழக்கத்தையும் விட்டுவிட்டார். வரிசையாக அடுக்கினால், செங்கல் சுவர் போலப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் எழுத்துக்கு நேராக எழுத்து நிற்கும்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. ஆங்கிலத்தில் எம், டபிள்யூ இரண்டும் அகலமான எழுத்துகள். எம் என்ற எழுத்துக்கு மூன்று கால்கள், அவற்றுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள். மற்ற எழுத்துகளின் அகலத்துக்குள் இது நெருக்கடிதான். க்ரௌவெல் அந்த எழுத்தை வரையவே இல்லை. என் என்ற எழுத்தை, அதாவது வாசல் நிலை போல இரண்டு காலும் ஒரு மேல்சட்டமும் உள்ள உருவத்தை எடுத்து, அதற்கு அடியில் ஒரு கோடு போட்டார். கோடு இருந்தால் எம், இல்லாவிட்டால் என். டபிள்யூவுக்கும் இதே உபாயம்தான். இன்னும் சில எழுத்துகள், நாம் பள்ளியில் படித்த எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத உருவத்தில் வந்து நின்றன. சொல்லிக் கொடுத்தால்தான் படிக்கவரும்.

தமிழில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அதே நோட்டில் முயன்று பார்த்தேன். ட, ப இரண்டும் பிரச்சினையே இல்லை. ட என்பது இரண்டு கோடு, ப என்பது மூன்று கோடு, அவை பிறந்ததே கட்டத்துக்குள்தான். ங, ய கூடச் சமாளித்துவிடும். சிக்கல் சுழியில் வருகிறது. ஒரு சுழி சுழியாகத் தெரிய வேண்டுமென்றால் நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் கறுப்புச் சுவர் வேண்டும். ரெண்டு சுழி ன-வுக்கு சுவர், வெள்ளை, சுவர், வெள்ளை, சுவர். ஐந்து கட்டம், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மூணு சுழி ண-வுக்கு ஏழு கட்டம் தேவை. ஐந்தில் அது அடங்கவே அடங்காது.

க்ரௌவெல் வழியில் போனால், ன-வுக்கு அடியில் ஒரு கோடு போட்டு இதுதான் ண என்று அறிவிக்கவேண்டும். அப்படியே எழுதிப் பார்த்தேன். மனம், மணம் என்ற இரண்டு சொற்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அடியில் கிடக்கும் ஒரு சின்னக் கோடாகச் சுருங்கிவிட்டது. எழுதிய எனக்கே, பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கும்போது ஒரு கணம் தடுமாறியது. ஹாலந்துக்காரர்கள் 1967இல் க்ரௌவெலின் எழுத்து அச்சாகி வந்த சதுரப் புத்தகத்தைப் பிரித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

அந்தப் புத்தகத்தை வெளியிட்டது ஹில்வர்சம் நகரிலிருந்த டி யோங் என்ற அச்சகம். அங்கே பீட்டர் பிராட்டிங்கா என்ற வடிவமைப்பாளர், புதிய சோதனைகளுக்கு இடம் கொடுக்கும் சதுர வடிவ இதழ்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில்தான் க்ரௌவெலின் அகரவரிசை வந்தது. அதைத் தினசரி பயன்படுத்தச் சொல்லி அவர் கொண்டுவரவில்லை. இயந்திரம் மாறிவிட்டது, எழுத்தைப் பற்றி நாம் யோசிக்கும் விதமும் மாறவேண்டும் என்பதற்கு ஒரு தொடக்கமாகத்தான் முன்வைத்தார். பின்னாட்களில் அவரே, இது நிஜமான உபயோகத்துக்காகச் செய்ததில்லை என்று சொல்லியிருக்கிறார்.

எதிர்ப்பு உடனே வந்தது. அவற்றில் கவனிக்கவேண்டியது கெரார்ட் உங்கருடைய எதிர்ப்பு. அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த இளைஞர் அவர். டோட்டல் டிசைனில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவர். அதே சதுர இதழ் வரிசையில் அவருடைய எதிர் யோசனை வெளியானது. மனிதன் இயந்திரத்துக்கு வளைந்து கொடுக்கவேண்டியதில்லை, இயந்திரம்தான் மனிதனின் கண்ணுக்குப் பணியவேண்டும் என்பது அவர் கட்சி. பல நூறு வருடங்களாகக் கண்ணுக்குப் பழகிய உருவங்களை ஒரே நாளில் தூக்கிப்போட முடியாது. படிப்பது என்பது பழக்கம். நாம் ஒவ்வொரு எழுத்தையும் ஆராய்ந்து படிப்பதில்லை, தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது போலச் சட்டென்று பிடித்துக்கொள்கிறோம். அந்த முகத்தை மாற்றிவிட்டால் பிடி நழுவிவிடும்.

வெறும் வாதத்தோடு உங்கர் நிற்கவில்லை. 1970களின் நடுவில் அவர் ருடால்ஃப் ஹெல்லின் நிறுவனத்துக்கே எழுத்து வரையப் போனார். க்ரௌவெலைக் கோடுகளுக்குத் தள்ளிய அதே டிஜிசெட்டுக்காக டெமோஸ் என்ற எழுத்தை வரைந்தார். அதில் வளைவு உண்டு, பழகிய உருவம் உண்டு. ஆனால் புள்ளிகளில் காணாமல் போகக்கூடிய மெல்லிய கோடுகளை விட்டுவிட்டார். தடிமனுக்கும் மெலிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. படக்குழாய் எப்படியும் கூர்மையை மழுக்கிவிடும் என்று தெரிந்து, முனைகளை முன்கூட்டியே மழுக்கி வரைந்தார். கட்டம் கட்டமாக எண்ணி, எங்கே ஒரு புள்ளியைக் கூட்டினால் வளைவு போலத் தெரியும், எங்கே குறைத்தால் தெரியும் என்று தேடிக் கண்டுபிடித்த வேலை அது.

படிப்பதைப் பொறுத்தவரை உங்கர்தான் சரி என்று நினைக்கிறேன். ண-வை வைத்து நான் செய்த சோதனைக்குப் பிறகு இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் க்ரௌவெல் செய்ததை வீண்வேலை என்று ஒதுக்க மனம் வரவில்லை. இயந்திரம் எழுத்தை என்ன செய்கிறது என்பதை ஒளிக்காமல் அப்படியே காட்டிய முதல் சில வேலைகளில் இதுவும் ஒன்று. எழுதும் பொருள் எழுத்தின் உருவத்தை மாற்றும் என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. பாறையில் உளியால் வெட்டிய தமிழி எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகள். வட ஐரோப்பாவில் மரத்தில் கத்தியால் கீறிய ரூன் எழுத்துகளும் கோணல் கோணலான நேர்கோடுகள்தான். ஓலைக்கு வந்ததும் எழுத்தாணி ஓட்டைபோட்டுவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதினார்கள். உளிக்கும் ஓலைக்கும் எழுத்து வளைந்து கொடுத்தது, ஆனால் அது பல தலைமுறைகளாக, யாரும் கவனிக்காத வேகத்தில் நடந்தது. க்ரௌவெல் அதையே ஒரே வீச்சில் செய்து பார்த்தார். அதனால்தான் அது அவ்வளவு அந்நியமாகத் தெரிந்தது.

இருபது வருடம் அந்த எழுத்து வடிவமைப்பாளர்களின் அலமாரிக்குள் இருந்தது. 1988இல் அது வெளியே வந்தது பாட்டு வழியாக. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இயங்கிய ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழு, அதன் பாடகர் இறந்ததும் 1980இல் முடிந்துபோனது. எட்டு வருடம் கழித்து அவர்களுடைய பாடல்களைத் தொகுத்து 'சப்ஸ்டன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். உறையை வடிவமைத்த பீட்டர் சாவிலும் ப்ரெட் விக்கன்ஸும் தலைப்புக்கு க்ரௌவெலின் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறையைப் பார்ப்பவர்களால் தலைப்பைப் படித்துவிட முடியும். காரணம், அவர்கள் எழுத்துகளை அங்கங்கே மாற்றிவிட்டார்கள். க்ரௌவெலின் விதிப்படி கறாராகப் படித்தால் அங்கே 'ஏ' வரவேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண்ணும், 'என்' வரவேண்டிய இடத்தில் 'எம்'மும் நிற்கும். கண்ணுக்கு எளிதாக இருக்கவேண்டும் என்று செய்த மாற்றம். இப்படிப் பார்த்தால் உங்கரின் வாதம் அந்த உறைக்குள்ளும் புகுந்துகொண்டது.

அந்த உறைக்குப் பிறகு மின்னிசைத் தட்டுகளிலும் கிளப் நோட்டீஸ்களிலும் இந்த மாதிரி கோண எழுத்துகள் நிறைய வரத் தொடங்கின. 1997இல் லண்டனில் ஃப்ரீடா சாக்கும் டேவிட் குவேயும் நடத்திய 'தி ஃபவுண்டரி' என்ற எழுத்துரு நிறுவனம் நியூ ஆல்ஃபபெட்டைக் கணினி எழுத்துருவாகவே வெளியிட்டது. படக்குழாய் இயந்திரத்துக்காக யோசித்த எழுத்து முப்பது வருடம் கழித்துக் கணினிக்குள் வந்தபோது, அதன் தேவையே போய்விட்டிருந்தது. 1980களிலேயே எழுத்தைப் புள்ளிகளாகச் சேமிப்பதை விட்டு, ஓரக்கோட்டை வளைவுக் கணக்காகச் சேமிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் முறை வந்துவிட்டது. எவ்வளவு பெரிதாக்கினாலும் வளைவு வழுவழுப்பாக நிற்கும். அந்தக் கணினியில் கேரமாண்ட் அழகாக வரும். இருந்தும் மக்கள் சீவிய மூலையைத் தேடி வந்தார்கள். 2011இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 23 டிஜிட்டல் எழுத்துருக்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது, அதில் இதுவும் ஒன்று. அதே வருடம் லண்டன் டிசைன் மியூசியத்தில் க்ரௌவெலின் மொத்த வேலைகளுக்கும் பெரிய கண்காட்சி நடந்தது. அவர் 2019இல் காலமானார்.

கோணமாக இருந்தாலே எதிர்காலம் என்று கண் எப்போது கற்றுக்கொண்டது? எல்லா எதிர்கால எழுத்தும் இயந்திரத்திலிருந்து வந்ததில்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷன் சுவரொட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் பேங்க் காதிக், கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத 1930இல் அமெரிக்காவில் மாரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்தது. விசிட்டிங் கார்டுக்கும் லெட்டர்ஹெட்டுக்கும் உரிய, மரியாதையான அலுவலக எழுத்து அது. 1962இல் இத்தாலியின் டூரின் நகரில் நெபியோலோ வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே வெளியிட்ட யூரோஸ்டைல், அந்தக் காலக் கட்டடங்கள், டிவி பெட்டிகளின் உருண்ட சதுரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்கலத்தின் திரைகளில் அது வந்ததும் அதற்கு விண்வெளி முத்திரை விழுந்துவிட்டது. ஆக, பாதி இயந்திரத்தின் கட்டாயத்திலிருந்து வந்தது, பாதி நாம் எங்கே பார்த்தோம் என்பதிலிருந்து வந்தது. சதுரமான உருவத்தைப் பார்த்தால் மனித விரல் எழுதியது போலத் தோன்றுவதில்லை என்பதும் ஒரு காரணம். பேனா ஓடினால் வளையும். வளையாத எழுத்தைப் பார்த்ததும் இதைக் கை எழுதவில்லை, வேறு ஏதோ எழுதியிருக்கிறது என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது.

நான் டிடிபி வேலை பார்க்கிறவன். இந்த வகை எழுத்தைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். "கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கணும்ணே" என்பார்கள், எனக்குப் புரிந்துவிடும். சிசிடிவி மாட்டுகிறவர்கள், ட்ரோன் வாடகைக்கு விடுகிறவர்கள், கேமிங் சென்டர், ஜிம். கேட்பது தப்பே இல்லை. ஒரு சொல்லுக்கு இந்த எழுத்து கொடுக்கும் மிடுக்கை வேறு எதுவும் கொடுக்காது. பேனர் தூரத்தில் வரும்போதே அதன் சீவிய மூலைகள் மற்ற போர்டுகளிலிருந்து பிரிந்து தெரியும். ஆனால் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது சொல்லிலேயே கண் களைத்துவிடும். எல்லா எழுத்தும் ஒரே பெட்டிக்குள் ஒரே தடிமனில் இருப்பதால் சொல்லுக்கென்று ஒரு மேடுபள்ளம் இருக்காது, கம்பி வேலியைப் பார்ப்பது போல ஆகிவிடும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் இது குறையும். பின்னால் படம், நிழல், மினுக்கு எதுவும் வேண்டாம். கோடுகளால் ஆன எழுத்துக்கு வெறும் தளம்தான் பொருத்தம்.

தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் வேலை. ஒரே அகலம் என்ற விதியை நான் முதலிலேயே கைவிட்டுவிடுவேன். ட ஒடுங்கியிருக்கட்டும், ண தன் ஏழு கட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும், ணை இன்னும் விரியட்டும். சுழிகளை வட்டமாக விடாமல் சதுரமாக்கி மூலையைச் சீவினால் போதும், மொத்தப் பெயருக்கும் அந்தக் கூர்மை வந்துவிடும். இகர ஈகாரக் கொம்புகளில்தான் ஜாக்கிரதை தேவை. கி, கீ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலே இருக்கும் அந்தச் சின்ன வளையத்தில்தான் இருக்கிறது. வளையத்தைச் சதுரமாக்கலாம், அடைத்துவிடக் கூடாது.

போன மாதம் கேமரா பொருத்தும் ஒரு தம்பி தன் கடை போர்டு முழுவதையும் கோண எழுத்தில் கேட்டார். பெயரை அவர் கேட்டபடியே போட்டேன், நன்றாக வந்தது. மெயில் முகவரியையும் போன் நம்பரையும் அதே எழுத்தில் போட்டு ஒரு பிரிண்ட் எடுத்து, கடைக்கு எதிர்ப்புறம் நின்று படிக்கச் சொன்னேன். ஐந்தும் ஆங்கில எஸ்ஸும் ஒரே உருவம், எட்டும் பியும் ஒரே உருவம், பூஜ்யமும் ஓவும் ஒரே உருவம். இரண்டு தடவை படித்தார், இரண்டு தடவையும் மெயில் முகவரி வேறு வேறாக வந்தது. "சரிண்ணே, கீழ உள்ளத சாதாரணமாவே போட்ருங்க" என்றார். பெயர் சீவிய மூலைகளோடு மேலே, மற்றதெல்லாம் வழக்கமான எழுத்தில் கீழே. போர்டு இப்போது அப்படித்தான் தொங்குகிறது.